சீயக்காவின் சார்ட்

சந்தானம் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நான்காம் நாள் காலை, ஹாலில் சோபாவுக்கும் டீபாய்க்கும் நடுவே ஈரத்தில் காலை வைத்தார். ஜூலை மாதம். போசரியில் மழை பிடித்துக்கொண்டால் சுவர் கசியும், ஜன்னல் கசியும், மேல் மாடிக்காரர்களின் குளியலறையும் சேர்ந்து கசியும். அதனால் முதலில் அண்ணாந்து பார்த்தார். மேலே சொட்டு ஈரம் இல்லை. பிறகு குனிந்து மோந்து பார்த்தார். முப்பத்தைந்து வருடம் பல்சக்கரங்களில் முடியளவு கீறலைத் தேடிப் பிடித்த மனிதருக்கு இதைப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

"லலிதா! இங்க வந்து பாரு, உன்ற பூனை பண்ணி வெச்சிருக்கற வேலைய!"

மனைவி லலிதா சமையலறையிலிருந்து கரண்டியும் கையுமாக வந்தாள். "நாலு வருசத்துல ஒருக்காக்கூட இப்பிடிப் பண்ணுனதில்லீங்களே" என்று சொல்லிவிட்டுப் பழைய துணியைத் தேடப் போனாள். குற்றவாளி டிவி ஸ்டாண்டுக்கு அடியில், கண்கள் மட்டும் தெரிய ஒடுங்கிக் கிடந்தது.

பூனைக்குப் பெயர் சீயக்கா. சீயக்காய்ப் பொடியின் நிறம் என்பதால் லலிதா வைத்த பெயர். மகள் அகல்யா ஹிஞ்சேவாடியில் வேலை பார்த்தபோது, ஆபீஸ் கார் நிறுத்துமிடத்தில் கத்திக்கொண்டிருந்த குட்டியைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தாள். ஆறே மாதத்தில் அகல்யா ஹைதராபாத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். பூனை இங்கேயே தங்கிவிட்டது. லலிதா அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சேலைக்கு ஃபால் தைத்துக் கொடுப்பவள். ஜன்னலோரம் தையல் மிஷின், அதன் பக்கத்தில் வெட்டுத்துணிக் கூடை, கூடைக்குள் சீயக்கா. கூடை அலுத்துவிட்டால் ஜன்னலோர மர நாற்காலி. காலை ஆறு ஐம்பதுக்குச் சந்தானம் கம்பெனி பஸ் ஏறினால் மாலை ஐந்தரை வரை அந்த வீட்டில் மிஷின் ஓடும் சத்தமும் பூனையின் குறட்டையும் தவிர வேறு சத்தம் கிடையாது.

இதெல்லாம் சந்தானத்துக்குத் தெரியாது. தன் வீடு பகல் நேரத்தில் எப்படி இருக்கும் என்பதை அவர் வியாழக்கிழமைகளில்தான் பார்த்திருக்கிறார். போசரித் தொழிற்பேட்டைக்கு வியாழன்தான் விடுமுறை. அன்றைக்கும் மார்க்கெட், முடிவெட்டு, மத்தியானத் தூக்கம் என்று பொழுது போய்விடும்.

கோயம்புத்தூரில் டிப்ளமா முடித்து இருபத்து மூன்று வயதில் இந்த மராத்தி ஊருக்கு வந்தவர். ஒரே கம்பெனி, ஒரே டிபார்ட்மென்ட், தர ஆய்வு. கார்களுக்குப் பல்சக்கரம் செய்யும் தொழிற்சாலை. சந்தானம் கையெழுத்துப் போடாமல் ஒரு பெட்டி கேட்டைத் தாண்டாது. அவர் வருகிறார் என்றால் மெஷின்காரர்கள் பீடியை மட்டுமல்ல, மூச்சையும் அடக்கிக்கொள்வார்கள் என்று கேன்டீனில் சொல்லிச் சிரிப்பார்கள். அவருக்கு அதில் ரகசியமாகப் பெருமை. ஜூன் முப்பதாம் தேதி தோளில் ஒரு ஷாலைப் போர்த்தி, கையில் தேங்காய் கொடுத்து, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். நேரம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனவர்களுக்கு எதற்குத்தான் கடிகாரம் கொடுக்கிறார்களோ தெரியவில்லை.

ஜூலை ஒன்றாம் தேதி காலை ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. குளித்து, பேன்ட் போட்டு, ஆறு ஐம்பதுக்குப் பால்கனியில் நின்று பஸ் போவதைப் பார்த்தார். அப்புறம் என்ன செய்வது? இருப்புக் கொள்ளவில்லை. சமையலறை டப்பாக்களை எல்லாம் இறக்கி, உயர வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டினார். இரண்டாம் நாள் திவானைத் திருப்பிப் போட்டார். மூன்றாம் நாள் தையல் மிஷினை உள் அறைக்குத் தள்ளினார். ஹாலில் நடக்க இடைஞ்சலாக இருக்கிறதாம். காலியான ஜன்னலோரத்தில் மர நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிடம். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"ஏனுங்க, சித்த நேரம் ஒரு எடத்துல உக்காருங்களேன். குட்டி போட்ட பூனையாட்ட இங்கயும் அங்கயும்" என்றாள் லலிதா.

"வேலை கெடக்குதில்ல" என்றார் சந்தானம்.

நான்காம் நாள்தான் அந்த ஈரம். ஆறாம் நாள் குளியலறை மிதியடியில். ஏழாம் நாள் அவருடைய செருப்பில். அந்தச் செருப்பைப் பால்கனியில் கழுவிக் காயவைத்தபோது, கோபம் வந்தாலும் உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷமும் எட்டிப் பார்த்தது என்பதை அவர் யாரிடமும் சொல்லமாட்டார். ஒரு குறை கிடைத்துவிட்டது. குறையைக் கண்டுபிடித்து வேரோடு எடுப்பதுதானே அவருடைய தொழில்.

அன்று மாலையே பெரிய காகிதம் ஒன்று ஃப்ரிட்ஜ் கதவில் ஏறியது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட சார்ட். தேதி, நேரம், இடம், அளவு. அளவுக்கு மூன்று வகை: சிறியது, நடுத்தரம், ஏரி. அதற்குக் கீழே நான்கு கட்டங்கள்: மேன், மெஷின், மெட்டீரியல், மெத்தட். ஆள், இயந்திரம், பொருள், வேலை செய்யும் முறை. தொழிற்சாலையில் ஒவ்வொரு லைனிலும் இப்படி ஒரு பலகை தொங்கும். இந்த நான்கில் எது மாறினாலும் அன்றைக்கே அதில் எழுதியாக வேண்டும். ஏனென்றால் சரக்கு திடீரென்று கெட்டுப்போனால் காரணம் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். "சரக்குல தப்பு இருக்கலாம், மெஷின்ல தப்பு இருக்கலாம், போர்டுல தப்பு இருக்கக் கூடாது" என்பது சந்தானம் அடிக்கடி சொல்லும் வசனம்.

ஒரு தடவை வாணியம்பாடிக்காரர் சலீம் அந்த வசனத்தில் மாட்டிக்கொண்டார். லைன் பொறுப்பாளர். அன்று வழக்கமான ஆள் வரவில்லை என்று பக்கத்து லைன் ஆளை மெஷினில் நிறுத்திவிட்டார், போர்டில் எழுதவில்லை. முந்நூற்றுச் சொச்சம் சக்கரங்கள் துளை பெரிதாகிக் குப்பைக்குப் போயின. சந்தானம் லைனை நிறுத்தி, நாற்பது பேர் பார்க்க, சலீமைப் போர்டின் முன்னால் நிற்கவைத்து, "மேன்" கட்டத்தில் அவர் கையாலேயே எழுதவைத்தார். ஒரு வாரம் சலீம் பேசவில்லை. அப்புறம் இருவரும் சேர்ந்து சாப்பிடுகிற அளவுக்குச் சிநேகிதமாகிவிட்டார்கள்.

இப்போது வீட்டில் அந்த நான்கு கட்டங்களையும் நிரப்பினார். மெஷின் என்பது பூனை மலஜலம் கழிக்கும் தட்டு. மெட்டீரியல் என்பது தட்டில் போடும் மண்ணும் தின்கிற தீனியும். மெத்தட் என்பது கழுவும் முறை. மேன்? அதே வீடு, அதே மனுஷர்கள். "மாற்றம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

பிறகு ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினார். தட்டை மாற்றினார். மண்ணை மாற்றினார். தீனியை மாற்றினார், சீயக்கா இரண்டு நாள் பட்டினி கிடந்தது. வீடு முழுக்க ஃபினாயில் விட்டுக் கழுவினார். அன்று இரண்டு ஏரி. தீனிக் கிண்ணம் வைக்க வேண்டிய இடத்தைத் தரையில் மஞ்சள் டேப் ஒட்டிக் குறித்தார். கிண்ணம் கட்டத்தை விட்டு விலகியிருந்தால் லலிதாவுக்குத் திட்டு. ஜூலை கடைசியில் எதிர் மைதானத்தில் கணபதி உற்சவத்துக்கான டோல் மேளப் பயிற்சி தொடங்கியதும், "ஆ, இதுதான்!" என்று குடையை எடுத்துக்கொண்டு போய், மேளக் குழுப் பிள்ளைகளிடம் மராத்தியில் சண்டை போட்டார். அவர்கள் சித்தப்பா முறை வைத்துச் சிரித்துக்கொண்டே, "காகா, நீங்களும் ஒரு டோல் எடுத்துக்கோங்க" என்றார்கள். வீட்டுக்கு வந்து சார்ட்டைப் பார்த்தால், டோல் அடிக்காத காலை நேரத்தில்தான் பாதிக்கு மேல்.

"அப்பா, பூனை பழியெல்லாம் வாங்காதுப்பா. அதுக்கு ஏதோ டென்ஷன். டாக்டர்கிட்ட காட்டு, ப்ளீஸ்" என்று அகல்யா போனில் சொன்னாள்.

சிஞ்ச்வட்டில் ஒரு கால்நடை டாக்டரம்மா. சீயக்காவின் வயிற்றை அமுக்கிப் பார்த்து, மூத்திரத்தைச் சோதித்து, கல்லும் இல்லை, கிருமியும் இல்லை என்றாள். சந்தானம் மடித்து எடுத்துப்போன சார்ட்டின் நகலை ஆச்சரியமாகப் புரட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "கர் மே குச் பத்லா க்யா?" வீட்டில் ஏதாவது மாறியிருக்கிறதா? புது ஆள், புதுச் சாமான், இடமாற்றம்? பூனைக்குத் தன் இடம் தன் வாசனையோடு இருக்க வேண்டும். அது கலைந்துபோனால் பயந்து, மூத்திரம் விட்டுத் தன் வாசனையைத் திரும்பப் போட்டுக்கொள்ளும், கோபத்தால் அல்ல, என்று விளக்கினாள்.

"குச் நஹி மேடம். எல்லாம் அப்படியேதான் இருக்கு" என்றார் சந்தானம், சார்ட்டின் "மேன்" கட்டத்தைத் தட்டிக் காட்டி.

லலிதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் பூனையின் காதைத் தடவத் தொடங்கிவிட்டாள்.

தட்டைச் சந்தடியில்லாத இடத்தில் வைத்து, அங்கிருந்து அசைக்காமல் விடச் சொல்லியிருந்தாள் டாக்டரம்மா. சந்தானம் சந்தடியில்லாத இடம் எது என்று கண்டறிய நான்கு நாளில் நான்கு இடம் மாற்றினார்.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி, கொடியேற்றிவிட்டுச் சொசைட்டி வாசலிலிருந்து மேலே வந்தார். ஜன்னலோர நாற்காலியில் அவருடைய ஷால் விரித்திருந்தது. கட்டை நாற்காலி குளிர்கிறது என்று அவரேதான் விரித்திருந்தார். ஷாலின் நடுவில் ஏரி. கம்பெனி பெயர் பொறித்த மூலை மட்டும் மிச்சம்.

முப்பத்தைந்து வருடத்துக்கு மரியாதையாகப் போர்த்திய ஷால். அவருக்கு அழுகை வந்தது. அழத் தெரியாததால் கத்தினார். சீயக்கா சுவரோரமாக ஓடி, கட்டிலுக்கடியில் புகுந்து, அன்று முழுக்க வெளியே வரவில்லை. "ஒண்ணு இந்த வீட்ல அது இருக்கோணும், இல்ல நான் இருக்கோணும்" என்றார். கோபத்தில் எல்லோரும் சொல்கிற பேச்சுதான். லலிதா ஷாலை எடுத்துப்போய் வாளியில் ஊறவைத்தாள்.

அன்று சாயங்காலமே சலீமுக்குப் போன் போட்டார். சலீம் வேலையை விட்டுவிட்டு இப்போது தளேகாவில் ஒரு நர்சரியைப் பார்த்துக்கொள்கிறார். செடிக் கொட்டகையில் எலித் தொல்லை தாங்கவில்லை, பூனை கிடைத்தால் நல்லது என்று எப்போதோ சொல்லியிருந்தார். "செப்டம்பர் மொத ஞாயித்துக்கிழமை வர்றேன் சார், பெட்டியோட" என்றார் சலீம்.

லலிதாவிடம் சொன்னபோது அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை ஒரு நொடி நின்றது. "சரிங்க" என்றாள். சண்டை போட்டிருந்தால் சந்தானத்துக்குச் சமாதானமாக இருந்திருக்கும்.

ஆவணி பிறந்ததும் கோயம்புத்தூரில் அவருடைய அண்ணன் மகள் ரோஹிணிக்குக் கல்யாணம். பூனையைத் தனியாக விடமுடியாது என்று லலிதா வரவில்லை. சந்தானம் மட்டும் கிளம்பினார். கிளம்பும்போதும் வாசலில் நின்று, "சார்ட் எழுத மறந்துராத. நேரம் போட்டு எழுதோணும்" என்று இரண்டு தடவை சொன்னார்.

ஐந்து நாள் கழித்து, ஒரு கையில் பையும் மறு கையில் கல்யாணப் பலகாரமுமாகத் திரும்பினார். செருப்பைக் கழற்றியதும் நேராக ஃப்ரிட்ஜிடம் போனார். ஐந்து தேதிகளுக்கும் எதிரே ஒன்றுமே எழுதவில்லை.

"லலிதா, என்ன இது? அஞ்சு நாளும் காலியா கெடக்குது. ஒரு வேலை சொன்னா செய்ய மாட்டியா?" வெறும் படிவத்தை நம்பாதே என்பது தர ஆய்வில் முதல் பாடம். காலிக் கட்டம் என்றால் ஆள் சோம்பேறி என்று அர்த்தம்.

லலிதா பலகாரப் பையை வாங்கிக்கொண்டாள். "எழுத ஒண்ணும் இல்லீங்க" என்றாள்.

"ஒண்ணும் இல்லீன்னா?"

"அது எங்கயும் போகலீங்க. தட்டுலதான் போச்சு. அஞ்சு நாளும்." கொஞ்சம் தயங்கி, "மிசினுக்குப் பக்கத்துல கூடைல தூங்குச்சு" என்று சேர்த்தாள்.

சந்தானம் பையைக் கீழே வைக்காமலே நின்றார். முதலில் தீனி ஒத்துக்கொண்டுவிட்டது என்று தோன்றியது. பிறகு மழை குறைந்துவிட்டது என்று தோன்றியது. இரண்டையும் அவரே நம்பவில்லை. சார்ட்டின் முதல் வரிக்கு விரலைக் கொண்டுபோனார். ஜூலை நான்கு. அவர் வீட்டில் இருக்கத் தொடங்கிய நான்காம் நாள். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

மறுநாள் வீட்டில் இருந்தார். பத்து மணிக்குக் கட்டிலோரத்தில் நடுத்தரம். அதற்கு அடுத்த நாள் காலை, எதற்கென்று சொல்லாமல், ஆறு ஐம்பதுக்குப் பேன்ட் சட்டையோடு வெளியே போனார். ஒரு முறை நடந்தது கணக்கில் சேராது, திரும்பத் திரும்ப நடந்தால்தான் நிரூபணம். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தார். கம்பெனி பஸ் வந்தது. ஜன்னலிலிருந்து இரண்டு பேர் கையசைத்தார்கள். டிரைவர் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்து, பிறகு ஞாபகம் வந்து, கிளப்பிக்கொண்டு போனார். சந்தானம் பஸ் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூறலில் நூலகம், கோயில், காய்கறிச் சந்தை, மறுபடி பஸ் நிறுத்தம் என்று சுற்றி, வடாபாவ் தின்று, ஐந்தரைக்கு வீடு திரும்பினார். சார்ட்டில் அந்தத் தேதிக்கு எதிரே காலி. அடுத்த நாள் வீட்டில் இருந்தார்; ஏரி. அதற்கடுத்த நாள் கிளம்பியபோது லலிதா ஒன்றும் கேட்காமல் சாப்பாட்டு டப்பாவைக் கட்டி நீட்டினாள். அந்த டப்பாவைப் பஸ் நிறுத்தத்தில் மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் மூடியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் வந்து பார்த்தார். காலி.

அதற்கு மேல் சோதித்துப் பார்க்க ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஆனால் எப்படிச் சொல்வது? அவருடைய வாழ்நாள் முழுவதும் தவறு வேறு யாரிடமோதான் இருந்திருக்கிறது. கண்டுபிடிப்பது மட்டும்தான் அவர் வேலை. வெள்ளிக்கிழமை லலிதாவிடம் சொல்ல வாயெடுத்து, காஸ் புக் பண்ணியாச்சா என்று கேட்டார். சனிக்கிழமை சலீமுக்குப் போன் போட்டு, வரவேண்டாம் என்று சொல்ல நினைத்து, மழை எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வைத்தார். பூனை போய்விட்டால் ஒரு வாரத்தில் எல்லாம் மறந்துபோகும், யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை என்று ஒரு மனசு சொன்னது. அந்த மனசைக் கண்டு அவருக்கே அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குச் சலீம் வந்துவிட்டார். தளேகாவிலிருந்து லோக்கல் ரயிலில், மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டியோடு. லலிதாவுக்கு ஒரு கறிவேப்பிலைக் கன்றும் கொண்டுவந்திருந்தார்.

லலிதா டீ கொடுத்தாள். மூட்டை ஏற்கெனவே தயாராக இருந்தது: கிண்ணம், பாதி மண் பை, கூடையிலிருந்து எடுத்த இரண்டு வெட்டுத்துணி. "கருவாடு போடாதீங்க பாய், உப்பு ஆகாது. இடி இடிச்சா பயந்துக்கும், எங்காச்சும் அடியில போய்ப் பூந்துக்கும். அப்பத் தேடாதீங்க. சத்தம் அடங்குனா அதுவே வரும். சீயக்கான்னு மெதுவாக் கூப்பிட்டாப் போதும்." அவள் அழவில்லை. மூட்டையின் முடிச்சை மட்டும் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள்.

சந்தானத்தால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. உள் அறைக்குப் போனார், திரும்பினார், ஜன்னலைச் சாத்தினார், திறந்தார். அதற்குள் சலீம் டீ கப்போடு எழுந்து ஃப்ரிட்ஜுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

"யா அல்லா! இங்கயும் போர்டா சார்?" என்று உரக்கச் சிரித்தார். "மெஷின், மெட்டீரியல், மெத்தட்… எல்லாம் எழுதியிருக்கீங்க! மேன், மாற்றம் இல்லை. அடியில கையெழுத்து வேற!"

சந்தானத்துக்குக் காது சுட்டது. நாற்பது பேர் பார்க்க போர்டில் எழுதிய ஒரு கை ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு அந்தக் கைக்கு எப்படி இருந்திருக்கும் என்று இத்தனை வருடத்தில் ஒரு முறையும் யோசித்ததில்லை.

"நகருங்க சலீம்" என்றார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். தவறை அழிக்கக் கூடாது, மேலே எழுதவும் கூடாது, ஒரே கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும், அதுதான் முறை. "மாற்றம் இல்லை" என்பதன் மேல் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் எழுதினார்: "ஜூலை 1 முதல் புது ஆள். சந்தானம்." எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

சலீம் படித்தார். சிரிப்பு நின்றது. டீ கப்பைச் சத்தமில்லாமல் மேஜையில் வைத்தார். அவருக்கு விளக்கம் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"பெட்டி வேண்டாம் சலீம். உங்களை வீணா அலைய வெச்சுட்டேன். தப்பு பூனை மேல இல்ல" என்றார் சந்தானம். பிறகு லலிதாவின் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்க முடியாமல் மூட்டையைப் பார்த்துப் பேசினார். "நான் வீட்ல இல்லாத நாள்ல அது ஒண்ணும் பண்றதில்ல. நான் இருந்தாத்தான். மிசினைத் தள்ளுனேன், அதோட நாற்காலியப் புடிச்சுக்கிட்டேன், தட்டை ஊரெல்லாம் சுத்தவெச்சேன், நாள் பூரா கத்தீட்டே இருந்தேன். நான்தான் காரணம், அம்மிணி."

'அம்மிணி' என்று அவர் கூப்பிட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

லலிதாவின் விரல்கள் முடிச்சில் நின்றன. "தெரியுமுங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"மொத வாரமே தெரியுமுங்க. உங்க செருப்புல போச்சே, அன்னைக்கே."

சந்தானம் நிமிர்ந்து பார்த்தார். "அப்பறம் ஏன் சொல்லுல? டாக்டரம்மா கேட்டப்பக்கூட? பூனையக் கொண்டுபோகப் பெட்டியே வந்துருச்சு, அப்பவும் சும்மா இருந்தியே?"

"எப்பிடிச் சொல்றதுங்க?" என்றாள் லலிதா. இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "பூனையக் குடுத்துட்டா நான் நாலு நாள் அழுவேன். உங்களப் பாத்து, நீங்க வீட்ல இருக்கறதுதான் தொந்தரவுன்னு சொல்லீட்டா, நீங்க எங்கீங்க போவீங்க?"

சலீம் ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தார். சந்தானம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

சலீம் கிளம்பும்போது காலிப் பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார், மழைக்கு. வாசலில், "மேன் மாறுனா என்ன செய்யணும்னு நீங்கதான் சார் சொல்லிக் குடுத்தீங்க. ஆளைத் துரத்தக் கூடாது. பழக்கிவிடணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கதவைச் சாத்திவிட்டு லலிதா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூட்டையை அவிழ்த்து, வெட்டுத்துணிகளை உதறினாள். "மிசினைப் பழைய எடத்துக்குத் தள்ளோணும். ஒரு கை புடிங்க" என்றாள். இருவரும் சேர்ந்து தள்ளினார்கள். கூடையைப் பக்கத்தில் வைத்தாள். மர நாற்காலியை ஜன்னலோரம் திருப்பிப் போட்டாள். சந்தானம் பழக்கதோஷத்தில் அதை நேராக்கப் போனார்.

"உடுங்க. இப்ப அந்தச் செவுத்தோரமா உக்காருங்க. நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

சந்தானம் தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். லலிதா ஒரு நீலச் சேலையை எடுத்து மிஷினில் கொடுத்தாள். சத்தம் தொடங்கியது. இத்தனை வருடமாகத் தன் வீட்டில் பகலெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சத்தத்தை அவர் முதன்முதலாக உட்கார்ந்து கேட்டார். பத்து நிமிடத்தில் முட்டி வலித்தது. எதிர்ச் சுவரில் காலண்டர் கோணலாகத் தொங்கியது. எழுந்து நேராக்கக் கை பரபரத்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

அரை மணி நேரம் கழித்துக் கட்டிலுக்கடியிலிருந்து சீயக்கா வெளியே வந்தது. ஹாலின் நடுவில் நின்று அவரைப் பார்த்தது. அவர் மூச்சைக்கூட மெதுவாக விட்டார். அது சுவரோரமாக, அவர் கால் கட்டைவிரலை ஒரு முறை மோந்து பார்த்துவிட்டுப் போய், கூடைக்குள் ஏறி, மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்தது.

"எந்திரிக்கட்டுமா?" என்று மெல்லக் கேட்டார் சந்தானம்.

"இன்னுஞ் சித்த நேரம்" என்றாள் லலிதா, தையலிலிருந்து கண்ணெடுக்காமல்.

அவர் உட்கார்ந்திருந்தார்.